சுவிட்சர்லாந்தில் நடந்த அக்கா கல்யாணம்

அத்தானுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வார லீவில் வந்து, விருதுநகர் மண்டபத்தில் அக்கா கழுத்தில் தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் பின்னாலேயே அக்காவும் போக வேண்டுமானால் விசா வேண்டும். அதைப் பற்றி எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொள்ளும் பொறுப்பை, யாரும் கேட்காமலே நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போது நான் கல்லூரி முடித்த கையோடு சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சுக் கம்பெனியில் டிசைனராகச் சேர்ந்திருந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள்கள்தான் வேலை. சாயங்காலமானால் பிரவுசிங் சென்டர். ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் பாடம்.

"அத்தானோடது ஹெச்-1பி. கம்பெனி மனுப் போட்டு வாங்கித் தர்றது. வருசத்துக்கு இத்தனை பேருக்குத்தான்னு கணக்கு உண்டு."

அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். தலையை ஆட்டினார். "நமக்கு ரூமுக்கு இத்தனை ஆளுதான்னு லைசென்ஸ்ல போட்டிருக்கான்ல. அது மாதிரி."

"அதேதான்ப்பா. அக்காவுக்குக் கிடைக்கிறது ஹெச்-4. பொண்டாட்டி பிள்ளைகளுக்கானது. அத்தான் விசா இருக்கிற வரைக்கும்தான் இதுவும் இருக்கும். இத வச்சு அவ வேலைக்குப் போக முடியாது."

"அப்ப நெரந்தரமா இருக்கிறதுக்கு?" என்றாள் அம்மா.

"கிரீன் கார்டு வாங்கணும்மா. அதுக்கும் கம்பெனி மனுப் போடணும், வருசக்கணக்குல வரிசையில நிக்கணும். அது வந்து அஞ்சு வருசம் கழிச்சுத்தான் குடியுரிமை கேக்கலாம்."

"அம்புட்டு வருசமா? அதுக்குள்ள இவ சோறு கொழையாம வடிக்கப் படிச்சிருவா."

அக்கா அப்பளத்தை ஒடித்து அம்மா மேல் எறிந்தாள்.

கல்யாணம் நிஜமானது என்று அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் காட்டப் பதிவுச் சான்றிதழ், பத்திரிகை, போட்டோக்கள் வேண்டும். போட்டோ என் துறை. காலண்டர் சீசன் முடிந்து கம்பெனியில் மெஷின் சும்மாதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஆல்பத்தை நானே டிசைன் செய்தேன். மேடைக்குப் பின்னால் தெரிந்த ஃபியூஸ் பெட்டியை எடுத்துவிட்டுப் பனிமலை வைத்தேன். தாலி கட்டும் இடத்தில் அருவி விழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்த இடமெல்லாம் டூலிப் தோட்டம். பார்த்தவர்கள் எல்லாம் "எம்புட்டு அழகா இருக்கு" என்றார்கள். எங்கள் ஊரில் ஆல்பம் என்றாலே அப்படித்தான். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை.

விசா நேர்காணலுக்கு அந்த ஆல்பத்தோடு அக்காவும் அப்பாவும் சென்னைக்குப் போனார்கள். மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, எனக்கு எங்கன வச்சுக் கல்யாணம் நடந்துச்சு?"

"மண்டபத்துலதான். ஏன்?"

"அந்த ஆபீசரு, சுவிட்சர்லாந்துக்கு எப்பப் போனீங்க, பாஸ்போர்ட்டுல முத்திரையே இல்லையேங்கறாரு."

விசாவை மறுக்கவில்லை; கூடுதல் ஆதாரம் கொண்டுவரச் சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்திருந்தார்கள். அதற்கு 221(ஜி) என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறதாம். அத்தனையும் படித்த என் கண்ணில் அது மட்டும் படவில்லை.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா மட்டும், "லேபிள்ல புலியப் போட்டா பெட்டிக்குள்ள புலியா இருக்கு? வெள்ளக்காரனுக்கு அது புரியல, நீ விடு" என்றார்.

கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தவர் ஆமத்தூரில் இருந்தார். மறுநாளே பஸ் ஏறினேன். கைவைக்காத படங்கள் இருந்த சி.டி.யைத் தேடி எடுத்துக் கொடுத்தபடி, "இதெல்லாம் நீங்களே வேண்டாம்னு கழிச்சதுல்ல தாயி" என்றார். எதையும் தொடாமல் அப்படியே பிரிண்ட் போடச் சொன்னேன். வாயைப் பிளந்து கொட்டாவி விடும் அப்பா. பந்தியில் அத்தானின் இலையிலிருந்து வடையை எடுக்கும் அக்கா. எல்லாப் படத்திலும் ஃபியூஸ் பெட்டி.

அக்காவைக் காரில் ஏற்றும் படத்தில், கதவைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி முகம் வீங்க அழுதுகொண்டிருந்தாள். நான்தான். பார்க்கச் சகிக்காமல் ஆல்பத்தில் என்னை அழித்துவிட்டு அந்த இடத்தில் டூலிப் நட்டிருந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் படக் கட்டோடு சேர்த்தேன்.

தூதரகத்தில் இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அக்கா சாயங்காலம்தான் போன் செய்தாள்.

"கெடச்சிருச்சுடி."

அவளே தொடர்ந்தாள்: "படத்தையெல்லாம் வேகமாத் தள்ளிக்கிட்டே வந்த ஆபீசரு, ஒன் படத்துல நின்னுட்டாரு. இது யாருன்னாரு. தங்கச்சின்னேன். ஏன் இப்படி அழுவுதுன்னாரு. நான் போறேன்ல, அதான்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல." பிறகு கேட்டாள்: "ஏட்டி, அந்தப் படத்த எங்கிட்ட நீ காட்டவே இல்லையே?"

"மூக்கு செவந்திருந்துச்சுக்கா."

கிளம்புகிற அன்று அந்தப் படத்தைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து எடுத்துப் போனாள். சுவிட்சர்லாந்து ஆல்பத்தைப் பெட்டியில் வைக்கப் போனபோது அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"இது இங்கன இருக்கட்டும். வர்றவுகளுக்குக் காட்ட நல்லதா ஒண்ணு வேண்டாமா?"