காப்புக்குக் காணாத முடி

தலைமுடியில் காப்பு பின்னித் தருகிறேன் என்று சொன்னால் திருகோணமலையில் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள். மீதிப்பேர் மெல்ல வந்து கதிரையில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து ஒரு பின்னலை வெளியே எடுப்பார்கள். வெளிநாடு போய்விட்ட மகளுடையது, காலமான மனைவியுடையது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். எண்ணெய் வழிய வழியக் கொண்டுவருபவர்களை நன்றாக ஏசியிருக்கிறேன். ஏசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.

போன வருசம் சாம்பல்தீவிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய தங்கை புற்றுநோயில் இறந்து நான்கு மாதமாகியிருந்தது. மருந்து ஏற்றிய நாட்களில் தலையணையில் உதிர்ந்த முடியையெல்லாம் தாய் ஒரு பிஸ்கட் தகரப் பேணியில் சேர்த்து வைத்திருந்தாராம். இப்போது அந்தப் பேணியை விட்டு எழும்புகிறாரில்லை, சாப்பாடும் அதன் பக்கத்தில்தான்.

"காப்பாக்கிக் கையில போட்டுவிட்டா அறையை விட்டு வெளியில வருவா அக்கா. இது காணுமோ?"

திறந்து பார்த்தேன். ஒரு காப்புக்கு மட்டுமட்டாகப் போதும் போலிருந்தது.

"ஓம், காணும். ரெண்டு கிழமை கழிச்சு வாங்கோ," என்றேன். என் வாய்க்கு அவ்வளவு அவசரம்.

உதிர்ந்த முடியில் அடி எது, நுனி எது என்று தெரியாது. விரலுக்கிடையில் உருட்டி உருட்டி, அடியெல்லாம் ஒரே பக்கம் வரத் திருப்பவேண்டும். சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அவித்துக் காயவைத்து, சிறு கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுனியிலும் மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் பின்னுவேன். இதுவோ மருந்து தின்ற முடி. இழுக்க இழுக்க அறுந்தது. கடைசியில் மூன்று விரல் நீளத்துக்கு முடி போதவில்லை. அன்று முழுக்க வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய் என் முடியில் ஒரு கற்றையை வெட்டி, அதைச் சேர்த்துப் பின்னி முடித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது?

சொன்ன நாளில் அவள் வந்தாள். காப்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பிள்ளை, கடைசித் துண்டு என்ர முடி. நீங்கள் தந்தது போதேல்லை. குறை நினைக்காதேங்கோ."

அவள் காப்பைக் கன்னத்திலிருந்து இறக்கினாள்.

"நானும் ஒண்டு சொல்ல வேணும் அக்கா. காணாதெண்டு திருப்பி அனுப்பிப்போடுவியள் எண்ட பயத்தில, என்ர சீப்பில வந்த முடியையும் பேணிக்குள்ள கலந்துதான் கொண்டுவந்தனான். அம்மாவுக்குத் தெரியாது."

முடியைத் தொட்டாலே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவள் நான்.

"எது தங்கச்சியின்ர, எது என்ர எண்டு இப்ப தெரியுதா?" என்று கேட்டாள்.

காப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தடவிப் பார்த்தேன். என்னுடைய துண்டு மட்டும் தடிப்பாக விரலில் பட்டது. மற்றதை என்னால் பிரிக்க முடியவில்லை.

"தெரியேல்லை பிள்ளை."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப, உங்கட துண்டை மட்டும் கழட்டேலுமோ?"

சுருக்கென்றது. ஆனாலும் அவள் கேட்டது நியாயம்.

"கழட்டலாம். ஆனா கட்டையாப் போகும். அம்மாவின்ர கைக்குக் காணாது."

அவள் கதிரையைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"காணாததுக்கு இதில வெட்டுங்கோ."