அவன் காட்டில் நான் பூட்டிய ஏர்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள சிற்றூர் எங்களுடையது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். சொந்தமென்று இருந்தது ஒரு துண்டுப் பாறை நிலம்தான்.

அடுத்த வீட்டுக்காரன் என் வயதுக்காரன், முறையில் மச்சான். சேந்தமங்கலத்தில் இருந்த ஒருவருடைய மேட்டுக்காட்டை அவன் தகப்பன் காலத்திலிருந்து, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு உழுது வந்தான். கல் பொறுக்கி, கரை கட்டி அதை உழுகிற காடாக்கியதே அந்தக் குடும்பம்தான். விளைகிற சாமையில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. எழுத்து, கைநாட்டு எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ச்சொல்தான். அந்த வருடம் திடீரென்று, இனிமேல் பாதி கொடு என்றார் அவர். இவன் முடியாது என்றான். அப்படியானால் காட்டை விட்டு இறங்கு என்று சொல்லிவிட்டார்.

சொன்னாரே தவிர, மேற்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருவனை இறக்கிவிட்ட காட்டில், அவனாக வாய் திறந்து 'நீ உழுதுக்கோ' என்று சொல்லாமல் இன்னொருவன் ஏர் பூட்டுவதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். கோர்ட்டையும் வக்கீலையும் நாங்கள் கண்டதில்லை. எங்களுக்கு இருந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். காடு சும்மா கிடந்தால் நிலத்துக்காரர் தானாகவே வழிக்கு வருவார். மச்சானும் அந்தத் தைரியத்தில்தான் இருந்தான்.

அதை உடைத்தவன் நான்.

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் பலாப்பழம் சுமந்து போயிருந்தேன். அங்கே வந்திருந்த நிலத்துக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்குப் பாதியெல்லாம் வேண்டாம் கண்ணு. பழையபடி மூணுல ஒண்ணே குடு. போயி ஏரைப் பூட்டு" என்றார். அவனிடம் பாதி கேட்டவர் எனக்கு மட்டும் ஏன் பழைய பங்குக்குத் தருகிறார் என்று யோசிக்கக் கொஞ்சமாவது மூளை வேண்டாமா? எனக்குத் தலைகால் புரியவில்லை. மலையேறும் வழியெல்லாம் விதைக்கு யாரிடம் கேட்கலாம் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இல்லை, இது பொய். தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பான், அதனால் கேட்கவில்லை.

"அண்ணங்கிட்டக் கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி. கேட்டாச்சு என்றேன்.

மழை விழுந்த மறுநாள் விடிந்ததும் ஏர் பூட்டினேன். இரண்டு சால் ஓட்டியிருப்பேன், கரைமேல் மச்சான் வந்து நின்றான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்துக் கையில் இருந்த, மாடு ஓட்டும் தார்க்கோலை இறுக்கிப் பிடித்தேன்.

"மேக்கு மூலைல மண்ணுக்குள்ள பாறை கெடக்குது மச்சான். ஏர்க்கொழு முறிஞ்சிரும். மாட்டைத் தள்ளி ஓட்டு" என்றான். கரை இறங்கிப் போய்விட்டான்.

அப்போதே ஏரை அவிழ்த்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மேற்கு மூலையில் மாட்டைத் தள்ளி ஓட்டினேன், அதுதான் நான் செய்தது. அந்த வருடம் சாமை நன்றாக விளைந்தது. அவன் வீட்டில் காட்டுக்கிழங்கு தோண்டி வேகவைத்துத் தின்றார்கள். ஊரில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருடம் விதைப்புக்கு முன்னால் நிலத்துக்காரரே மலையேறி வந்தார். என்னைப் பார்த்து, பாதி கொடு என்றார்.

"மூணுல ஒண்ணுன்னு சொன்னீங்களே எசமான்?"

"அது போன வருசம்."

மச்சானின் பிடிவாதத்தை உடைக்கத்தான் போன வருடம் என்னை ஏவினார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முடியாது என்றேன். மழை வேறு இறங்கிவிட்டது, அவருக்கும் அவசரம். என் மேல் இருந்த கோபத்தில் ஊரார் முன்னிலையில் மச்சானைக் கூப்பிட்டு, "நீயே பழைய பங்குக்கு உழுதுக்கோ. இனிமேப் பாதி கேக்க மாட்டேன்" என்றார்.

அவன் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். வீட்டில் அடுப்பெரிந்து எத்தனை நாளோ. உடனே சரி என்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"ஏனுங்க, அதுல இவன் ஏரு ஓடியிருக்குது. இவன் வாயால சொல்லாம நான் எப்படீங்க ஏரு பூட்டறது?" என்றான்.

நிலத்துக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. மச்சான் அவரைக் கவனிக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். கேலியாகவோ குத்திக்காட்டவோ அவன் அப்படிச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். கடைசியில் எப்படியோ, "உன்ற காடு மச்சான், நீ உழுதுக்கோ" என்று சொல்லி முடித்தேன். அவன் தலையாட்டிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனான்.

நான் பழைய பாறை நிலத்துக்கே திரும்பினேன். அதன்பிறகு நாங்கள் பேசினோம், பழகினோம், விசேஷங்களில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அவன் பெண்டு பிள்ளைகள் பசியோடு நிற்க, என் ஒரு வார்த்தைக்காக அவன் அன்று காத்திருந்தானே, அந்த ஒரு வார்த்தையை முந்தின வருடம் நான் அவனிடம் கேட்காமல் போனதை நினைத்தால் இத்தனை வயதிலும் எனக்குத் தலை குனிந்துவிடுகிறது.