பெல்லுக்கு வராத கூட்டம்

டிக்கெட் விக்கிற வேலைங்கறது, நேத்து வரைக்கும் சும்மா பார்த்ததுக்கு இன்னைக்கு எதுக்குக் காசுன்னு ஊர் முழுக்க விளக்கம் சொல்ற வேலை. கோயில் திருவிழாவுக்கு நன்கொடைப் புத்தகம் தூக்கினவங்களும், இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்க வீடு வீடா ஏறி இறங்கினவங்களும் இதைப் படிச்சா, நான் முழுசா சொல்லவே வேண்டாம். பாதியிலயே உங்களுக்குப் புரிஞ்சிடும்.

நான் அதியமான்கோட்டையில, ஹைவேயை ஒட்டி இருக்கிற ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல வணிகவியல் டீச்சர். எங்க பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு நாடக அரங்கம் இருக்கு. பழைய தாளாளர் ஆசை ஆசையா கட்டினது. இப்ப இருக்கிறவர் அவரோட மகன். இவர் ஆசை வேற. அரங்கத்தை நாலாத் தடுத்து நீட் கோச்சிங் ரூம் ஆக்கணும். வருசா வருசம் நாடகம் எழுதிப் போடற தமிழய்யா முனுசாமி சார் கெஞ்சோ கெஞ்சுன்னு கெஞ்சினதுல, தாளாளர் ஒரு வழி சொன்னாரு. "ஆண்டு விழாவுல சேர்த்து ஓசியில காட்டறது வேணாம். தனியா ஒரு நாள் டிக்கெட் வச்சுப் போடுங்க. ஹால் நிரம்பினா தொட மாட்டேன். நிரம்பலைன்னா தடுத்துடுவேன்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்கதான் காமர்ஸ் ஆச்சே, வித்துடுங்க டீச்சர்"னுட்டாரு. பாடம் எடுக்கிறவளுக்கு வியாபாரமும் தெரியும்னு அவருக்கு யார் சொன்னதோ! ஆனா மறுக்க மனசு வரலை. ஏன்னா அந்த மேடை மேல எனக்குத் தனிப் பிரியம். என் வகுப்புல பேர் கேட்டாக்கூட வாய் திறக்காத பிள்ளைங்க அங்க ஏறி நின்னு தொண்டை கிழியப் பேசறதை நான் பார்த்திருக்கேன். அதைப் போய் நாலு ரூமாக்கவா?

பிரிச்சுக் காட்டுங்க

சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மேசையைப் போட்டு, "டிக்கெட் 50 ரூபாய்"னு எழுதி ஒட்டி உட்கார்ந்தேன். முதல் ஆளா வந்தவர் மாதப்பன் அண்ணன். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி போடறவர். பொண்ணு ஒன்பதாவது படிக்குது, நாடகத்துல மந்திரி வேசம்.

"ஐம்பது ரூபா பெருசில்லைங்க. ஆனா நாடகம் நல்லாருக்குமான்னு எப்படித் தெரியும்? முதல்ல பாத்துடறேன். புடிச்சிருந்தா குடுத்துடறேன்"னாரு. அப்படி எங்கேயும் வழக்கமில்லை அண்ணான்னு நான் எவ்வளவோ சொன்னேன். சினிமாவைச் சொன்னேன், பஸ்சைச் சொன்னேன். மனுசன் அசையலை. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் பொறுமையா சொன்னாரு: "தக்காளிக் கூடையைக்கூடப் பிரிச்சுக் காட்டித்தான் ஏலம் விடறோம். நீங்க கட்டி வச்சிக்கிட்டே வெலை சொல்றீங்களே டீச்சர்!"

பேசாத பிள்ளைக்கு என்ன ரேட்டு

அடுத்த நாள் செல்வி வந்தாங்க. ஆறாவது படிக்கிற குணாவோட அம்மா. முனுசாமி சார் எழுதின நாடகத்துல ஒரு ராஜா, அரண்மனையைப் பெருசாக்கறதுக்காக வாசல்ல நிக்கிற பழைய புங்கமரத்தை வெட்டச் சொல்றார். குணாதான் அந்த மரம். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கையை விரிச்சுக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதான்.

"ராஜா வேசம் போட்ட புள்ளையோட வூட்டுக்கும் ஐம்பது, வாயே திறக்காத எம் புள்ளையோட வூட்டுக்கும் ஐம்பதா? கொறைச்சுப் போடுங்க"ன்னு செல்வி ஒரே பிடியா நின்னுட்டாங்க. டிக்கெட் விலை வசனத்தை எண்ணிப் போடறதில்லைன்னு நான் சொன்னது காதுலயே ஏறலை. வேற வழியில்லாம முனுசாமி சார்கிட்ட போய் நின்னேன். "மரம் எப்படிம்மா பேசும்?"னு அவர் தலையில அடிச்சுக்கிட்டாரு. ஆனாலும் நல்ல மனுசன், ராத்திரி உட்கார்ந்து மரத்துக்கு ஒரே ஒரு வசனம் எழுதிட்டு வந்தாரு. செய்தி போன மறுநாளே செல்வி வந்து அஞ்சு டிக்கெட் வாங்கினாங்க. எனக்குச் சந்தோசம் தாங்கலை. போகும்போது திரும்பி நின்னு ஒண்ணு சொன்னாங்க: "அவன் பேசறப்ப மட்டும் நடுவுல யாரும் கை தட்டக் கூடாதுன்னு டிக்கெட்லயே போட்டுடுங்க டீச்சர்."

காகிதமும் துண்டும்

இப்படி ஒவ்வொருத்தர்கிட்டயும் மல்லுக்கட்டி, எப்படியோ எல்லா டிக்கெட்டையும் வித்து முடிச்சேன். கம்பைநல்லூர் வரைக்கும் போய் வித்தேன்னா பாத்துக்கங்க. நாடகத்தன்னிக்கு மத்தியானம் நாற்காலி எல்லாத்துக்கும் நம்பர் ஒட்டி, கொஞ்சம் காலை நீட்டலாம்னு அரங்கத்துக்குள்ள போறேன், முன்வரிசை முழுக்கத் துண்டு! பச்சை, நீலம், கட்டம் போட்டதுன்னு வரிசையா விரிச்சுக் கிடக்கு.

போட்டவர் ரஹீம் பாய். தர்மபுரி டவுன்ல தையல் கடை வச்சிருக்கிறவர். ராஜாவோட அங்கியைத் தச்சு எடுத்துட்டு வந்தவர், வந்த கையோட குடும்பத்துக்கு இடம் பிடிச்சிட்டாரு. "பாய், உங்க டிக்கெட்லயே நம்பர் இருக்கு. உங்க சீட்ல வேற யாரும் உட்கார முடியாது"ன்னேன். பஸ் ஜன்னல் வழியா துண்டு போட்டே வளர்ந்த ஊர் இது, கேப்பாரா? டிக்கெட்டை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துட்டு, என்மேல இரக்கப்பட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தாரு. "நம்பர் காகிதத்துல இருக்கு. துண்டு சீட்ல இருக்கு. தகராறுன்னு வந்தா எது ஜெயிக்கும்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்!"

பெல் அடிச்சாச்சு

துண்டையெல்லாம் எடுக்க வச்சுட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குப் பள்ளிக்கூட பெல்லை அடிச்சோம். டிக்கெட்ல "சரியாக ஆறு மணி"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தோம். அரங்கத்துல ஒரு ஈ காக்கா இல்லை. திரும்பவும் பெல் அடிச்சோம். ம்ஹூம்.

முன்வரிசை நடுவுல தாளாளர் மட்டும் உட்கார்ந்திருந்தாரு. கூடவே தடுப்புப் போடற கார்பென்டரையும் கூட்டிட்டு வந்திருந்தாரு. அந்த ஆள் டேப்பைப் பிடிச்சுக்கிட்டு சுவரை அளக்க ஆரம்பிச்சுட்டான். "எல்லா டிக்கெட்டும் வித்தாச்சு சார்"னு சொன்னேன். "வித்ததைக் கேக்கலை டீச்சர், உட்கார்ந்ததைக் கேட்டேன்"னாரு. திரைக்குப் பின்னால எட்டிப் பார்த்தா, பச்சைச் சாயம் பூசின குணா கையை விரிச்சபடியே நிக்கிறான். முனுசாமி சார் ஒரு மூலையில நாற்காலியைப் போட்டுத் தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பொறுக்க முடியாம கேட்டுக்கு வெளிய ஓடினேன். சர்வீஸ் ரோட்டுல இருக்கிற டீக்கடையில, பக்கத்து மரத்தடியில, நிறுத்தி வச்ச டிராக்டர் மேலன்னு என் கூட்டம் மொத்தமும் அங்கதான் இருக்கு! முக்கால்வாசிப் பேர் சட்டைப் பையில என் டிக்கெட் எட்டிப் பாக்குது. மாதப்பன் அண்ணன் சாவகாசமா போண்டா தின்னுட்டு இருக்காரு. "ஏங்க, பெல் அடிச்சது காதுல விழலையா?"ன்னு கத்தினேன். அத்தனை பேரும் என்னைத்தான் விசித்திரமா பார்த்தாங்க. மாதப்பன் அண்ணன்தான் வாயைத் துடைச்சுக்கிட்டு பதில் சொன்னாரு: "பெல் அடிச்சா அது பள்ளிக்கூடங்க. கூத்துன்னா மேளம் அடிக்கணுமில்ல? அடிங்க, வர்றோம்."

மேளம்

அட ஆமாம்! இந்தப் பக்கத்துல மேளச் சத்தம் கேட்காம யாரு கூத்துக்குக் கிளம்பியிருக்காங்க? நானும் இதே ஊர்ச் சோறு தின்னவதானே, எனக்குத் தெரியாதா? நோட்டீஸ் அடிச்சோம், நம்பர் ஒட்டினோம், மேளத்தை மறந்துட்டோம். முனுசாமி சார் இசையையெல்லாம் பென்டிரைவ்ல போட்டு வச்சிருந்தாரு. பள்ளிக்கூடத்துல இருந்த ஒரே மேளம், சுதந்திர தினத்துக்கு அடிக்கிற பேண்டு மேளம்தான். விளையாட்டு ரூம்ல இருந்து அதைத் தூக்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டு, கேட்ல நின்னு நானே அடிச்சேன். தாளமாவது ஒண்ணாவது! பட்டுச் சேலை, தலையில முழம் பூ, கழுத்துல மேளம். கண்ணை மூடிக்கிட்டு விளாசினேன்.

டீ கிளாஸ் கீழ வைக்கிற சத்தம் முதல்ல கேட்டுச்சு. அப்புறம் ஊரே எழுந்திரிச்சு வந்துச்சு. செல்வி நாலு சொந்தக்காரங்களை இழுத்துக்கிட்டு ஓட்டமா ஓடினாங்க. சத்தம் என்னன்னு பார்க்கத் தாளாளரும் எழுந்து வெளிய வந்தாரு. அவர் திரும்பி உள்ளே போறதுக்குள்ள அரங்கம் நிரம்பிடுச்சு. அவரோட நாற்காலியில ஒரு கட்டம் போட்ட துண்டு. துண்டு மேல, திடீர்னு அரூர்ல இருந்து வந்துட்ட ரஹீம் பாயோட அக்கா. "காலியா இருந்துச்சுங்க, போட்டேன்"னாரு பாய். தாளாளர் வந்து, கதவோரத்துல என் பக்கத்துல நின்னாரு. கார்பென்டருக்கும் இடமில்லை, டேப்பைச் சுருட்டிக்கிட்டு அவனும் நின்னான்.

மந்திரி கோடாலியை ஓங்கினப்ப குணா வாயைத் திறந்தான். "ராஜா, என் நிழல்ல நின்னுக்கிட்டே கோடாலியைக் கேக்கறீங்களே!" அவ்வளவு சத்தமா அந்தப் பிள்ளை பேசி நான் கேட்டதே இல்லை. முதல் கைதட்டு செல்வியோடது. மாதப்பன் அண்ணன் கூட்டத்துக்குள்ள இருந்து கையை நீட்டி, "இந்தாங்க டீச்சர், பாத்துட்டேன்"னு ஐம்பது ரூபாயை என் கையில திணிச்சாரு. அப்பதான் எனக்கே உறைச்சுது, மனுசன் டிக்கெட் இல்லாமலேதான் உள்ள வந்திருக்காரு!

தாளாளர் பக்கம் திரும்பவே பயம். கார்பென்டர் மெதுவா, "மீதியை நாளைக்கு வந்து அளக்கட்டுங்களா சார்?"னு கேட்டான். தாளாளர் மேடையை விட்டுக் கண்ணை எடுக்காம, வேணாம்னு தலையை ஆட்டினாரு. அப்புறம் என்கிட்ட குனிஞ்சு சொன்னாரு: "டீச்சர், அடுத்த வருசம் எனக்கும் மத்தியானமே ஒரு துண்டு போட்டு வச்சிடுங்க."

ஆக, ரெண்டு பட்டம் வாங்கி, இத்தனை வருசம் வணிகவியல் நடத்தி நான் கத்துக்கிட்டது என்னன்னா, இந்தத் தொழிலுக்கு மூலதனம் ஒரு மேளமும் நாலஞ்சு துண்டும்தான், டிக்கெட்டெல்லாம் அதுக்கப்புறம்.