பாதிக் கடைக்காரர்

எழுபதுகளில் எனக்குப் பொன்முடியில் ஒரு எஸ்டேட் ஆபீசில் வேலை. ஊருக்குப் போய்த் திரும்பும் ஞாயிறு மதியம், மலையேறும் பஸ்ஸில் ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். கீழே நகரத்துச் சாலைக் கடைத்தெருவில், ஓர் அரிசி மண்டியில் மூட்டை நிறுப்பவர். குளித்து வந்தும் புருவத்தில் வெள்ளைத் தூசி இருக்கும். வளைவுகளில் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும்போது முகத்தைத் துடைக்காமல் கண்களை மூடிக்கொள்வார்.

மலைமேல் சாயாக்கடை வைக்கச் சிநேகிதனுக்குத் தன் சேமிப்பு முழுவதையும் கொடுத்திருந்தார். லாபத்தில் பாதி என்று வாய்ப்பேச்சு. கடை ஓடத் தொடங்கியதும், அப்படியொரு பேச்சே இல்லை என்றுவிட்டான் சிநேகிதன்.

"பின்னே எதுக்கு அண்ணாச்சி வாராவாரம் போறீங்க?"

"சாயா குடிக்க. பைசா குடுக்க மாட்டேன். அவனும் கேக்க மாட்டான்."

"பஸ் கூலி அதைவிடக் கூடுதலாச்சே?"

"கூடுதல்தான் சாரே. ஆனா அவன் கேக்காத வரைக்கும் அந்தப் பேச்சு உள்ளதாக்கும். கேட்டுட்டான்னா எல்லாம் போச்சுல்லா."

ஒருநாள் நானும் அவர்கூட அந்தக் கடைக்குப் போனேன். பனியில் கடையின் விளக்கு மட்டும் மிதந்தது. சிநேகிதன் இரண்டு கிளாஸ் சாயா வைத்தான். குடித்து முடித்ததும் இருவருக்குமாகக் காசை நீட்டினேன். என் சாயாவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பாராமல் மீதியை என் பக்கம் தள்ளினான்.

அவர் எழுந்தார். வாசலில் கோணலாகக் கிடந்த பெஞ்சை நேராக்கிப் போட்டுவிட்டு, பனிக்குள் இறங்கி நடந்தார். அவர் கொடுத்த சேமிப்புப் பணம் பிறகாவது திரும்பியதா என்று எனக்குத் தெரியாது. அந்த நடையில் ஏமாந்தவரின் சாயலே இல்லாதது மட்டும் இன்றும் எனக்கு விளங்கவில்லை.