தொட்டால் வழக்கு

வலையில் சிக்கிக் காயப்பட்ட கடலாமை ஒன்றை, மீன் ஏற்றும் தன் ஓட்டோவில் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார் வெள்ளவத்தை மீனவர் அன்ரன். வனவிலங்கு அதிகாரியான நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அனுமதியின்றி ஆமை வைத்திருந்தார் என்று வழக்கெழுதி, ஓட்டோவையும் பறித்துவைத்தேன். சட்டம் அப்படித்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வெள்ளவத்தைக் கரையில் ஓர் ஆமை வலைக்குள் துடிப்பதாகத் தொலைபேசியில் அழைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அது செத்துக் கிடந்தது. சுற்றி நின்றவர்களில் அன்ரனும் ஒருவர். இடுப்பில் கத்தி இருந்தது.

“வலையை அறுத்துவிட்டிருக்கலாமே?”

“அறுத்திருக்கலாம் சேர். தொட்டா கேஸ் எண்டு நீங்கதானே காட்டித் தந்தனீங்கள். அதான் போன் அடிச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்.”

அறிக்கையில், இறப்புக்குக் காரணம் ‘வலை’ என்று எழுதினேன். என் பெயர் கையெழுத்தில் மட்டும்தான் இருக்கிறது.