நான்காம் எண்ணின் நான்காவது ஃபவுல்

டைம்-அவுட் கேட்பதற்கு நான் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன். கூடைப்பந்தில் அதைவிட எளிமையான சைகை கிடையாது. ஓர் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, இன்னொரு கையின் விரல் நுனியால் கீழிருந்து முட்ட வேண்டும். எல்.கே.ஜி. குழந்தை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். எனக்கு ஒரு வாரம் ஆனது. கை வந்துவிட்டது, முகம்தான் வரவில்லை. பதற்றம் தெரியக் கூடாது, ஆனால் அவசரம் தெரிய வேண்டும். கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பீரோக் கண்ணாடியில் அந்த முகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி அறை வாசலில் நின்று பார்த்தாள்.

“பஸ்ஸை நிறுத்தறதுக்குன்னா ஒரு கை போதும்,” என்றாள்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு தனியார் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளர். வெளியே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். கல்லூரிப் பதிவேட்டில் நான் ‘விளையாட்டு, தற்காலிகம்’. ஜூனில் ஓர் உத்தரவு வரும், ஏப்ரலோடு அது முடிந்துபோகும். இடையில் வருகிற மே மாதம் முழுக்க நான் வேலை இல்லாதவன். அடுத்த உத்தரவு வருமா என்பது ஜூன் பிறந்த பிறகுதான் தெரியும். அதுவரை எட்டு மே மாதங்களை அப்படிக் கழித்திருந்தேன். தலையணை கனத்துக்கு இருக்கிற ரஷ்ய நாவல்களை எல்லாம் நான் படித்து முடித்தது அந்த மே மாதங்களில்தான். இலக்கிய ஆர்வம் என்று நண்பர்கள் நம்பினார்கள். வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போது முகத்தை மறைத்துக்கொள்ள ஏதாவது தடிமனாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அணியின் உண்மையான பயிற்சியாளர் எங்கள் உடற்கல்வி இயக்குநர். எல்லோருக்கும் பெரிய சார். ஆட்டத்தை அவர் பார்த்துக்கொள்வார், மிச்சத்தை நான். மிச்சம் என்பது பந்துக்குக் காற்றடிப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, குளுக்கோஸ் கரைப்பது, போய் டைம்-அவுட் கேள் என்றால் ஓடிப்போய்க் கேட்பது, எங்கள் நோட்டில் ஃபவுல் குறித்துக்கொள்வது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜனவரி மாதம், மைதானத்தில் வேப்பமரத்தடியில் வைத்துப் பெரிய சார் சொன்னார். “இந்த வருஷம் கப்பு மட்டும் வரட்டும்யா. பிரின்சிபால் ரூமுக்கு நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன். பர்மனென்ட் ஆர்டர் வாங்கித் தரவேண்டியது என் பொறுப்பு.”

எனக்கு யாராவது நல்லது செய்வதாகச் சொன்னால், அது நடக்காமல் போகும் வழிகளை எண்ணத் தொடங்கிவிடுவேன். அன்றும் எண்ணத் தொடங்கினேன். வீட்டில் சொன்னேன். “வந்தப்புறம் சொல்லுங்க,” என்றாள் மனைவி. ஆனால் அந்த வாரமே, மே மாதத்தில் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டாள். எட்டு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணாடிப் பயிற்சி தொடங்கியதும் அப்போதுதான்.

நடந்தது புரிய ஆட்ட விதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓர் ஆட்டக்காரன் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போய்விட வேண்டும். நான்கு ஆனவனைப் பயிற்சியாளர்கள் பெஞ்சில் உட்காரவைத்து, கடைசி நிமிடங்களுக்காகக் காப்பாற்றுவார்கள். ஃபவுல் செய்தவன் யார் என்பதை நடுவர் வாயால் சொல்ல மாட்டார், ஸ்கோர் மேஜையைப் பார்த்து விரலால் காட்டுவார். பனியன் எண்கள் நான்கில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். நான்கு என்றால் நான்கு விரல். பதினான்கு என்றால் ஒரு கையை முஷ்டியாக மடக்கி, மறு கையில் நான்கு விரல். முஷ்டிக்குப் பத்து என்று அர்த்தம்.

எங்கள் அணியில் நான்காம் எண் கேப்டன். கூடுவாஞ்சேரிப் பையன், பேச்சு குறைவு, எங்கள் புள்ளிகளில் பாதி அவனுடையது. பதினான்காம் எண் பெருங்களத்தூர், ஆறடி உயரம். பேச்சுக்குக் குறைவே கிடையாது.

கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையின் இறுதிப் போட்டி எங்கள் சிமென்ட் கோர்ட்டிலேயே நடந்தது. சாயங்கால வெயில் கண்ணில் அடித்தது. பக்கத்து விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து இரைந்தது. இரண்டாம் பாதியில் பன்னிரண்டு நிமிடம் மிச்சமிருந்தபோது நாங்கள் ஏழு புள்ளி முன்னால் இருந்தோம். நான் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கை நறுக்கியதே தவிர, மனம் பிரின்சிபால் அறையில் இருந்தது. அவர் உட்காரச் சொன்னால் உடனே உட்காருவதா, இரண்டாவது தடவை சொன்ன பிறகா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது. நிமிர்ந்தேன். நடுவர் எங்களுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தார். எங்கள் பக்கத்துக் கையில் நான்கு விரல் தெரிந்தது. நோட்டில் நான்காம் எண்ணுக்கு நேரே நான்காவது கோட்டைப் போட்டேன். அவருக்கு இன்னொரு கையும் உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை.

பெரிய சார் அப்போது பெஞ்சில் இருந்த ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக் கேட்டார். “யாருக்குய்யா ஃபவுல்?”

“நாலாம் நம்பருக்கு சார். நாலு ஆயிடுச்சு.”

கேப்டனை உடனே வெளியே எடுத்தார். அவன் வந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“சார், எனக்கு மூணுதான் சார்.”

“எல்லாப் பயலும் ஒண்ணு கம்மியாத்தான் சொல்லுவான். நோட்டு என்ன சொல்லுது?”

“நாலு சார்,” என்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். கையில் நோட்டு இருந்ததால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. அது போதாதென்று, கோட்டுப் பக்கமாக ஓடிவந்த பதினான்கிடம் என் சொந்தப் பொறுப்பில் கத்தினேன். “உனக்கு மூணுதான். பயப்படாம முட்டு!”

ஏழு புள்ளி ஐந்தாயிற்று, இரண்டாயிற்று. ஆறு நிமிடம் இருந்தபோது பெரிய சார், “போய் டைம்-அவுட் கேளு,” என்றார். ஒரு வாரமாக நான் காத்திருந்த கட்டம். ஸ்கோர் மேஜைக்கு ஓடினேன். கைகளைத் தூக்கும்போது கண் தானாக ஸ்கோர் ஷீட்டில் விழுந்தது. நான்காம் எண்ணுக்கு எதிரே மூன்று குறி. பதினான்காம் எண்ணுக்கு எதிரே நான்கு.

இன்னொரு தரம் எண்ணினேன். எண்ணிக்கை மாறவில்லை. தூக்கிய கைகள் பாதியில் நின்றன.

“இன்னா சார்,” என்றார் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவர். “டைம்-அவுட் வோணுமா, இல்ல சும்மா கும்புட்டுகினு போக வந்தீங்களா?”

எப்படியோ கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்தப் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் என் மூளை வேலை செய்த வேகத்தில் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் இல்லை. உண்மையைச் சொன்னால் கேப்டன் உடனே உள்ளே போவான், கப்பு வரக்கூடும். ஆனால் விரலை எண்ணத் தெரியாதவனைப் பெரிய சார் எந்த முகத்தோடு பிரின்சிபாலிடம் கூட்டிப்போவார்? சொல்லாவிட்டால் கப்பு போகும், அதோடு ஆர்டரும் போகும். நான் படித்த நாவல்களில் இந்த மாதிரி கட்டத்தில் மனசாட்சி நாற்பது பக்கம் பேசும். எனக்கு ஒரு நிமிடம்தான் இருந்தது.

நான் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

“சார்,” என்றேன், முடிந்தவரை ஆழமான குரலில். “கேப்டனை இறக்கிடலாம் சார். ரிஸ்க்தான். ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு.”

பெரிய சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாலு ஃபவுலோட, ஆறு நிமிஷம் இருக்கும்போதா?”

“ஆமா சார்.”

“உனக்கு இவ்வளவு தைரியம் எங்கேருந்துய்யா வந்தது?” என்றார். குரலில் மரியாதை மாதிரி ஏதோ இருந்தது. எட்டு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. கேப்டன் எழுந்து உள்ளே போனான்.

பாதிப் பிரச்சினைதான் தீர்ந்தது. பதினான்கு இன்னும் ஒரு ஃபவுலில் வெளியே போய்விடுவான், நானோ அவனை முட்டச் சொல்லியிருக்கிறேன். ‘எண்ணியது தப்பு’ என்று சொல்லாமல் அவனை எச்சரிக்க ஒரு வார்த்தை தேடினேன். டைம்-அவுட் முடிந்துவிட்டது. கோட்டோரமாக நடந்தபடி, “பார்த்து ஆடு, பார்த்து ஆடு,” என்று கத்தினேன். மேலே விமானம் இரைந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரணிக்காரன் யாராவது அவன் பக்கமாக வந்தால் நானும் கூடவே அந்தப் பக்கம் ஓடினேன். எலுமிச்சம்பழத் துண்டு ஒன்றைத் தோலோடு தின்றுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

கேப்டன் வந்ததும் ஆட்டம் திரும்பியது. இரண்டு நிமிடம் இருக்கும்போது மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். அப்போது விசில் அடித்தது. நடுவர் மேஜையைப் பார்த்து ஒரு முஷ்டியும் நான்கு விரலும் காட்டினார். இந்தத் தடவை இரண்டு கையும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

“அஞ்சு. வெளிய,” என்றார் ஸ்கோர்காரர்.

“நாலுதான் சார்!” என்று பதினான்கு கத்தினான். கையை நீட்டி என்னைக் காட்டினான். “சாரைக் கேளுங்க. சார்தான் மூணுன்னு சொன்னாரு, தெகிரியமா முட்டுன்னாரு!”

பெரிய சார் என் கையிலிருந்து நோட்டை வாங்கினார். கொண்டுபோய் ஸ்கோர் ஷீட் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து நோட்டை மூடி, என் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார். மெதுவாக வைத்தார். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பதினான்கு இல்லாமல் கூடைக்குக் கீழே எங்களுக்கு ஆளே இல்லை. ஒரு புள்ளியில் தோற்றோம்.

வீட்டுக்குப் போனதும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். ரயில் டிக்கெட் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

ஜூனில் உத்தரவு வந்தது. தற்காலிகம். அது கப்பு வராததாலா, நோட்டாலா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. தைரியமெல்லாம் அன்றைக்கு அந்த ஆறு நிமிடத்தில் செலவாகிவிட்டது என்று நினைக்கிறேன். பெரிய சார் பழையபடியே பேசினார், ஒரே ஒரு மாற்றம்தான். ஃபவுல் நோட்டு மட்டும் பெஞ்சில் உட்காரும் மாற்று ஆட்டக்காரன் ஒருவன் கைக்குப் போனது. நான்கு வருடம் கழித்து, பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், உடற்கல்வித் துறையில் நிரந்தரமாக இரண்டு பெயர் இருந்தாக வேண்டும் என்று சொல்லி, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னை நிரந்தரமாக்கினார்கள். பிரின்சிபால் அறையில் யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஆர்டர் போன துக்கம் அன்றோடு தீர்ந்தது. பதினான்கு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நான் சொன்னதை நம்பி முட்டிய பையன். அத்தனை பேர் முன்னால் வெளியே போனவன். விளையாட்டுச் சாமான்களை எண்ணும்போதுகூட அவன் நீட்டிய கை என் கண்ணில் வந்து நிற்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், செங்கல்பட்டு போகிற மின்சார ரயிலில் தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் சீட்டில் அவன். மறைமலை நகரில் கார் தொழிற்சாலை வேலை. யூனிஃபார்ம் சட்டை, தொப்பை, கையில் டிபன் பை.

“சார்! இன்னா சார், எப்டி கீறீங்க?” என்று எழுந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

வண்டலூர் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முஷ்டி, நோட்டு, டைம்-அவுட், நான் வாய் திறக்காதது எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். குரல் கொஞ்சம் உடைந்தது என்றும் நினைக்கிறேன், பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

அவன் கடைசிவரை கேட்டான். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தான்.

“அட இன்னா சார் நீங்க! எனக்கு நாலு ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா? இடிச்சவன் நான் சார். அந்த டீம் ஏழாம் நம்பர்காரன் சும்மா சும்மா என் கால மிதிச்சுகினு இருந்தான். போனா போவுதுன்னு ஒண்ணு குடுத்தேன். அப்பால பெரிய சார் தோல உரிச்சிருவாரேன்னு பயந்து உங்களக் கை காமிச்சுட்டேன்.”

“அப்படின்னா, நான் தைரியமா முட்டுன்னு சொன்னது…”

வண்டி ஊரப்பாக்கத்தில் நின்றது. அவன் டிபன் பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, என் முழங்காலை அன்பாகத் தட்டினான்.

“சார், கோச்சுக்காதீங்க. நீங்க சொல்றத நம்ம டீம்ல எவன் சார் காதுல வாங்கினான்?”