கொழும்பில் கிடைத்த தீயல்

கொழும்பில் குமாஸ்தாவாக இருந்தபோது, எங்கள் ஊர் உள்ளித்தீயல் குழம்பைத் தேடி எட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒன்பதாவது கடையில், முதல் கவளத்திலேயே சமையல்காரியிடம், “நமக்கு ஊருல புதுக்கடைப் பக்கமா?” என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. “ஊருல சொல்லிராதீங்க அண்ணாச்சி. அடி பொறுக்காம ஓடி வந்தவ நான். கெட்டினவன் அறிஞ்சா கொன்னுபோடுவான்.”

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

அன்றே ஊரிலிருந்த என் மனைவியைச் சீண்டுவதற்காக, உன் தீயலைவிட இது மேல் என்று கடிதம் எழுதினேன். நம்பவேண்டுமே என்று சமையல்காரியின் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் சேர்த்தேன். மனைவி அதை அண்டை வீடுகளில் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

அடுத்த மாதம் சமையல்காரியின் புருஷன் கப்பலேறி வந்து, அவளை முடியைப் பிடித்து இழுத்துப் போய்விட்டான்.

“எந்தப் பாவியோ ஊருக்கு எழுதியிருக்கான் வே” என்றார் கடைக்காரர்.

நான் தலையாட்டினேன். பிறகு கேட்டேன்: “இன்னைக்குத் தீயல் உண்டா?”

கடிதத்தை விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை சமாதானம் கிடைக்கவில்லை.